ஆம்ஸ்டர்டாம் எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகம்: அரை நாளில் நிதானமாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆம்ஸ்டர்டாம் போகிற நம்மவர்கள் முதலில் தேடுவது ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட். அது பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். "சரி, வேறென்ன இருக்கு?" என்று தேடும்போதுதான் ஃபெர்ஸெட்ஸ்மியூசியம் என்கிற எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகம் கண்ணில் படும். இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பிடித்த நாஜி ஜெர்மனியை டச்சு மக்கள் எதிர்த்த கதையைச் சொல்லும் இடம். நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நுழைந்து, துப்பாக்கி எங்கே, வெடிகுண்டு எங்கே, பாலத்தைத் தகர்த்த கதை எங்கே என்று தேடிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த காகிதங்களை எல்லாம் தாண்டித் தாண்டிப் போனேன். வெளியே வந்தபோது "இவ்வளவுதானா" என்றிருந்தது.

அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். நான் தாண்டிப் போன காகிதங்கள்தான் அந்த அருங்காட்சியகமே என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் முதல்முறை செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: முந்தின நாள் இரவு, பதினைந்து நிமிடம்

நெதர்லாந்தின் போர்க்கால வரலாறு நம் பாடப் புத்தகங்களில் கிடையாது. கீழே உள்ளதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போனால் போதும்.

முதல் உலகப் போரில் நடுநிலை வகித்துத் தப்பித்த நாடு அது. இந்த முறையும் அப்படியே தப்பிவிடலாம் என்று நம்பியிருந்தது. 1940 மே 10 அன்று ஜெர்மன் படை உள்ளே புகுந்தது. மே 13 அன்று அரசி வில்ஹெல்மினா லண்டனுக்குப் போய்விட்டார். மே 14 அன்று ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி குண்டுவீச்சில் எரிந்தது. மறுநாள் சரண். மொத்தம் ஐந்தே நாள். அப்புறம் ஐந்து வருட ஆக்கிரமிப்பு, 1945 மே 5 வரை.

ஆக்கிரமிப்பின் முதல் மாதங்கள் பெரிதாக வலிக்கவில்லை என்பதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அலுவலகங்கள் நடந்தன, பள்ளிக்கூடங்கள் நடந்தன, டச்சு அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர் மட்டும் ஜெர்மனியின் ஆள், ஆர்தர் சைஸ்-இன்குவார்ட். கெடுபிடி ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு படிவமாக, ஒவ்வொரு கையெழுத்தாக வந்தது.

முடிவில் என்ன ஆனது? போருக்கு முன் சுமார் 1,40,000 யூதர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு அதிக விகிதம் வேறெந்த நாட்டிலும் இல்லை. எதிர்ப்பு இயக்கத்துக்கென்று அருங்காட்சியகம் வைத்திருக்கும் நாட்டில் நடந்தது இது. அந்த முரணை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால்தான் காட்சிகள் பேசும்.

படி 2: டிக்கெட், பயணம், பை

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். திறக்கும் நேரத்தையும் அங்கேயே பார்த்துவிடுங்கள், வார நாளும் வார இறுதியும் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ண வேண்டாம். நெதர்லாந்தில் வேலை பார்ப்பவராக இருந்து மியூசியம்கார்ட் என்ற அருங்காட்சியக அட்டை வைத்திருந்தால் அது இங்கே செல்லும்.

டிராம், மெட்ரோ எல்லாவற்றிலும் காண்டாக்ட்லெஸ் வசதியுள்ள வங்கி அட்டையைக் காட்டியே ஏறலாம். இறங்கும்போதும் மறக்காமல் காட்ட வேண்டும், இல்லையென்றால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். பையில் குடையோ மழைக்கோட்டோ இருக்கட்டும், எந்த மாதமானாலும்.

மே மாதத் தொடக்கத்தில் போக முடிந்தால் போங்கள். மே 4 மாலை எட்டு மணிக்கு நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். டிராம்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மறுநாள் விடுதலை நாள், ஊரெல்லாம் பாட்டும் கூத்தும்.

படி 3: நேராக அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள்

14ஆம் எண் டிராமில் ஏறினால் ஆர்டிஸ் நிறுத்தத்தில் இறங்கி இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். எல்லா வழிகாட்டிகளும் அதைத்தான் சொல்லும். என் யோசனை வேறு. மெட்ரோவில் வாட்டர்லூப்ளைன் வரை போய் இறங்குங்கள். அங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம்தான், வழியெல்லாம் வரலாறு.

முதலில் யோனாஸ் டேனியல் மேயர் சதுக்கம், போர்த்துகீசிய யூத ஆலயத்துக்குப் பக்கத்தில். அங்கே தடித்த உடம்பும் திறந்த கைகளுமாக ஒரு தொழிலாளியின் வெண்கலச் சிலை நிற்கும். பெயர் 'டோக்வெர்க்கர்', துறைமுகக் கூலித் தொழிலாளி. மாரி ஆந்திரியெசன் செய்தது, 1952இல் வைத்தார்கள்.

1941 பிப்ரவரி 22, 23 தேதிகளில் இந்தச் சதுக்கத்தைச் சுற்றி யூத இளைஞர்கள் 400க்கும் மேற்பட்டோரைத் தெருவிலேயே வளைத்துப் பிடித்து வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய யாருமே உயிரோடு திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து, 25ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாம் ஸ்தம்பித்தது. தடை செய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சி சைக்ளோஸ்டைல் செய்த துண்டுச் சீட்டு கை மாறி மாறிப் போனது. டிராம் ஓடவில்லை. டிராம் ஓடவில்லை என்றாலே ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும் அல்லவா? துறைமுகம், தொழிற்சாலை, அலுவலகம் என ஒவ்வொன்றாக நின்றது. யூதர்கள் வேட்டையாடப்படுவதை எதிர்த்து யூதர் அல்லாதவர்கள் ஊரையே நிறுத்திய வேலைநிறுத்தம் அது. இரண்டாம் நாள் துப்பாக்கியால் அடக்கினார்கள். இன்றும் ஒவ்வொரு பிப்ரவரி 25 அன்றும் இந்தச் சிலையடியில் மக்கள் பூ வைக்கிறார்கள்.

நேரம் இருந்தால் பக்கத்தில் வேஸ்பர்ஸ்ட்ராட்டில் உள்ள பெயர்ச் சுவரையும் பாருங்கள். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்தது, 2021இல் திறந்தார்கள். ஒரு செங்கல்லுக்கு ஒரு பெயர், பிறந்த தேதி, இறந்தபோது வயது. 1,02,000க்கும் மேற்பட்ட செங்கற்கள். அங்கே போனால் பெரிய பெரிய வயதுகளை விட்டுவிட்டு ஒற்றை இலக்க வயதுகளைத் தேடத் தொடங்கிவிடுகிறது கண். பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடிந்ததில்லை.

அங்கிருந்து பிளாண்டாஜ மிட்டன்லான் வழியாக நடங்கள். வழியில் வெர்ட்ஹைம் பூங்காவில் உடைந்த கண்ணாடிகளால் ஆன, ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. நடைபாதையில் ஆங்காங்கே பதித்திருக்கும் சிறு பித்தளைக் கற்களையும் குனிந்து பாருங்கள். அந்த வீட்டில் வாழ்ந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் பெயர்கள் அவை. அதே சாலையில் பழைய நாடகக் கொட்டகை ஒன்று வரும். அதை இப்போதைக்குத் தாண்டிப் போய்விடுங்கள், திரும்பி வரும்போது பார்க்கலாம்.

படி 4: வாசலில் ஒரு நிமிடம்

பிளாண்டாஜ கெர்க்லான் 61. எதிரே ஆர்டிஸ் விலங்குக் காட்சிசாலை. கட்டடத்தின் பெயர் பிளான்சியஸ். முகப்பை அண்ணாந்து பார்த்தால் யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரம் தெரியும். 1876இல் ஒரு யூதப் பாடகர் சங்கம் கட்டிய கட்டடம் இது. 1985இல் வேறொரு பகுதியில், பழைய யூத ஆலயம் ஒன்றில் தொடங்கிய அருங்காட்சியகம், 1999இல் இங்கே குடிவந்தது. காட்சிகளை முழுவதும் மாற்றி 2022 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போனால் உள்ளே குழம்பிப் போவீர்கள்.

படி 5: உள்ளே, காகிதத்தைப் பின்தொடருங்கள்

குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டரை என்றால் இன்னும் நல்லது. காட்சிகள் கால வரிசையில், தனி மனிதர்களின் கதைகளாக அமைந்திருக்கின்றன. எதிர்த்தவர்கள் மட்டுமல்ல, அனுசரித்துப் போனவர்கள், ஜெர்மானியரோடு சேர்ந்துகொண்டவர்கள், பலியானவர்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். எல்லாக் கதைகளையும் படிக்க முயலாதீர்கள், களைத்துவிடுவீர்கள். கீழே சொல்லும் ஐந்து நூலிழைகளைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

முதல் நூல், கையெழுத்து. 1940 அக்டோபரில் அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது: நீங்கள் யூதரா இல்லையா, எழுதிக் கையெழுத்திடுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் போட்டுக் கொடுத்தார்கள். வெறும் படிவம்தானே! அடுத்த மாதமே யூத ஊழியர்களுக்கு வேலை போயிற்று. லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் கிளெவெரிங்கா, நீக்கப்பட்ட தன் ஆசிரியர் மேயர்ஸுக்காக நவம்பர் 26 அன்று மேடையேறிப் பேசினார். மறுநாள் அவர் கைதானார், மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பல்கலைக்கழகத்தை மூடினார்கள். 1943இல் மாணவர்களுக்கு விசுவாச உறுதிமொழிப் படிவம் வந்தபோது பெரும்பாலான மாணவர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். அந்த மூன்று வருடத்தில் மக்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதை இந்த இரண்டு படிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரியும். டாக்டர்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நாஜி மருத்துவச் சங்கத்தில் சேர மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வாசல் பலகையில் 'டாக்டர்' என்ற சொல்லின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்துவிட்டார்கள்.

இரண்டாவது நூல், அடையாள அட்டை. இந்தக் காட்சிக்குக் கட்டாயம் பத்து நிமிடம் கொடுங்கள். பார்க்கச் சாதாரணமான, மடிக்கிற அட்டை. புகைப்படம், கைரேகை, நீரெழுத்துக் காகிதம், தனி மை. யாகோப் லென்ட்ஸ் என்ற டச்சு அதிகாரியின் கைவண்ணம். மக்கள்தொகைப் பதிவேட்டுத் துறைக்குத் தலைவர், வேலையில் சுத்தம். இந்தத் திட்டத்தை அவர் போருக்கு முன்பே சொந்த அரசிடம் கொடுத்திருந்தார், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜெர்மானியர்கள் வந்ததும் அவர்களிடம் கொடுத்தார். மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். 1941 முதல் 15 வயது நிரம்பிய எல்லோருக்கும் கட்டாயம். யூதர்களின் அட்டையில் பெரிதாக ஒரு 'ஜே' எழுத்து. போலி செய்வது அவ்வளவு கடினமாக இருந்தது. அதனால் எதிர்ப்பு இயக்கத்தின் மிகத் திறமையான ஆட்கள் சிற்பிகளாகவும் ஓவியர்களாகவும் அச்சுத் தொழிலாளிகளாகவும் இருந்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத, வேலையை நன்றாகச் செய்யும் ஒரு அதிகாரி எவ்வளவு ஆபத்தானவர் என்று எனக்கு இந்த அட்டையைப் பார்த்துத்தான் உறைத்தது.

மூன்றாவது நூல், ரேஷன் கார்டு. அம்மா வந்து நின்றது இங்கேதான். அரிசிக் கார்டா சர்க்கரைக் கார்டா என்று தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர் அவர். கூப்பன் ஒட்டிய அந்தக் காகிதத்தைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கார்டுல பேர் இல்லன்னா சாப்பாடு இல்ல. அப்போ ஒளிஞ்சிருந்தவங்க என்னடா சாப்பிட்டிருப்பாங்க?"

முதல்முறை வந்தபோது எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி. தலைமறைவு இயக்கத்தின் முழுக் கணக்கும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பரணிலோ வைக்கோல் போரிலோ ஓர் ஆளை ஒளித்துவிடலாம். அவர் தினமும் சாப்பிட வேண்டுமே! போரின் கடைசிக் கட்டத்தில் தலைமறைவாக இருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய வேலைக்குப் போக மறுத்த ஆண்கள். அவர்களுக்கு இடமும் கூப்பனும் ஏற்பாடு செய்ய நாடு முழுக்க எல்.ஓ. என்ற சுருக்கப் பெயரில் ஒரு வலைப்பின்னல் இயங்கியது. கூப்பன் எங்கிருந்து? ரேஷன் அலுவலகங்களைக் கொள்ளையடித்தார்கள். அதற்கென்றே எல்.கே.பி. என்ற அடிதடிக் குழுக்கள். நான் தேடிய துப்பாக்கி கடைசியில் கூப்பன் கட்டுக்காகத்தான் வெளியே வந்திருக்கிறது.

யூதர்களில் சுமார் 28,000 பேர் ஒளிந்துகொண்டார்கள், ஏறத்தாழ 12,000 பேர் பிடிபட்டார்கள். பிடித்துக் கொடுத்த டச்சுக்காரர்களுக்கு 1943இல் தலைக்கு ஏழரை கில்டர் கூலி. அருங்காட்சியகம் இதை மறைக்கவில்லை, அதனாலேயே எனக்கு அதன் மேல் மரியாதை.

நான்காவது நூல், பத்திரிகை. ஹெட் பரோல், ட்ரௌ, ஃப்ரேய் நெடர்லான்ட். மூன்றும் போர்க்காலத்தில் திருட்டுத்தனமாக அச்சான ஏடுகள், மூன்றும் இன்றும் வெளிவருகின்றன. 1943இல் வானொலிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்தபோது, ஒளித்து வைத்த பெட்டியில் லண்டன் செய்தியைக் கேட்டுத் தட்டச்சு செய்து, ஸ்டென்சில் போட்டு, பத்துத் தெருவுக்கு மட்டும் கொடுத்த ஏடுகளும் உண்டு. கையிலெடுத்தால் கிழிந்துவிடும் போன்ற தாள்.

ஐந்தாவது நூல், பணம். இங்கே வால்ராஃபன் ஃபன் ஹால் என்ற பெயரைத் தேடுங்கள். வங்கிக்காரர். 1944 செப்டம்பரில் லண்டனுக்குப் போயிருந்த டச்சு அரசு சொல்லி ரயில்வே தொழிலாளர்கள் சுமார் 30,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஃபன் ஹாலும் அவரது அண்ணனும் அரசுக் கடன் பத்திரங்களைப் போலியாக அச்சடித்து, மத்திய வங்கியின் பெட்டகத்தில் அவற்றை வைத்துவிட்டு அசலை வெளியே எடுத்துப் பணமாக்கினார்கள். நாஜிக் கட்சிக்காரர் ஒருவர் தலைமையில் இருந்த வங்கி அது! 1945 பிப்ரவரி 12 அன்று ஃபன் ஹாலைச் சுட்டுக் கொன்றார்கள். விடுதலைக்கு மூன்று மாதம்கூட இல்லை.

அந்த வேலைநிறுத்தத்துக்குப் பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். அப்புறம் குளிர்காலம் வந்து கால்வாய்கள் உறைந்தன. பட்டினிக் குளிர்காலம் என்பார்கள். சுமார் 20,000 பேர் இறந்தார்கள். துலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். கடையில் துலிப் கிழங்கு விற்பதைப் பார்த்தால் அம்மா இப்போதும் ஒரு நொடி நிற்கிறார்.

படி 6: இந்தோனேசியாவைத் தாண்டிப் போகாதீர்கள்

பல பேர் இந்தக் கட்டத்தில் களைத்துப்போய் இதை விட்டுவிடுவார்கள். நமக்கு இது முக்கியம். நெதர்லாந்து ஆக்கிரமிக்கப்பட்ட நாடு மட்டுமல்ல, அன்றைக்கு அதுவே ஒரு ஆக்கிரமிப்பாளர். 1942 மார்ச்சில் ஜப்பான் டச்சுக் கிழக்கிந்தியாவை, அதாவது இன்றைய இந்தோனேசியாவை, பிடித்தது. டச்சுப் படைவீரர்களைக் கைதிகளாக்கி, ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போட அனுப்பியது. அதே பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

1945 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. மூன்றே மாதம் முன்னால் விடுதலையைக் கொண்டாடிய டச்சுக்காரர்கள், அதை அடக்கப் படை அனுப்பினார்கள். 1949 டிசம்பர் வரை போர் நீண்டது. அந்தப் போரின் அத்துமீறல்களுக்கு ஒரு டச்சுப் பிரதமர் முறையாக மன்னிப்புக் கேட்க 2022 வரை ஆயிற்று.

படி 7: குழந்தைகள் கூட வந்தால்

தனியாக ஒரு சிறுவர் பகுதி உண்டு. ஒன்பது வயதுக்கு மேல் என்றால் நன்றாகப் புரியும். போர்க்காலத்தில் உண்மையில் வாழ்ந்த நான்கு பிள்ளைகளின் வீடுகளுக்குள் போய்ப் பார்க்கலாம். அதில் ஒரு பெண்ணின் பெற்றோர் நாஜி ஆதரவாளர்கள். அந்த வீட்டைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லத் தயாராகப் போங்கள். பெரியவர்கள் பகுதிக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், கடைசியில் வைத்தால் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது.

படி 8: வெளியே வந்ததும்

ஒரு காபி குடியுங்கள். அப்புறம் அதே தெருவில் எதிர்ப்பக்கம் 36ஆம் எண் கட்டடத்தைத் தேடுங்கள், விலங்குக் காட்சிசாலை வாசலையொட்டி. சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கும். உள்ளே பார்த்த அடையாள அட்டையின் மறுபாதி இது. அட்டையைப் போலி செய்தாலும் பதிவேட்டில் அசல் விவரம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பதிவேடு இருந்த இடம் இதுதான். 1943 மார்ச் 27 இரவு, போலீஸ் சீருடை தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு குழு உள்ளே நுழைந்தது. ஓவியர் வில்லெம் அரோண்டேயஸ், சிற்பி கெரிட் ஃபன் டெர் ஃபேன் போன்றவர்கள். காவலாளிகளை மயக்க ஊசி போட்டுத் தோட்டத்தில் கிடத்திவிட்டு, கார்டுகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். வந்த தீயணைப்பு வீரர்களும் நிதானமாகவே வேலை செய்து, தப்பிய கார்டுகளை நன்றாக நனைத்து வைத்தார்கள் என்பார்கள். குழுவைச் சேர்ந்த 12 பேரை ஜூலை 1 அன்று சுட்டுக் கொன்றார்கள். அரோண்டேயஸும் அவர்களில் ஒருவர்.

கடைசியாக, காலையில் தாண்டிப் போன நாடகக் கொட்டகை. ஹாலண்ட்ஸ ஸ்கௌபர்ஹ், பிளாண்டாஜ மிட்டன்லான் 24. 1942 கோடையிலிருந்து யூதர்களை இங்கேதான் அடைத்து வைத்து முகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். கூட்டம் தாங்காமல் குழந்தைகளை மட்டும் எதிர்ச் சாரியில் இருந்த காப்பகத்துக்கு அனுப்பினார்கள். காப்பகத் தலைவி ஹென்ரியட்டா பிமென்டல், கொட்டகையில் நிர்வாக வேலை பார்த்த வால்டர் சூஸ்கிண்ட், பக்கத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் யோஹான் ஃபன் ஹல்ஸ்ட் மூவரும் கூடி, குழந்தையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் தோட்டத்து வேலிக்கு மேலே கை மாற்றி, கூடையிலோ பையிலோ வைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சுமார் 600 குழந்தைகள் பிழைத்தன. பிமென்டலும் சூஸ்கிண்டும் பிழைக்கவில்லை. ஃபன் ஹல்ஸ்ட் 107 வயது வரை வாழ்ந்து 2018இல் காலமானார். காப்பகக் கட்டடம் இன்று இல்லை. கல்லூரிக் கட்டடம் இருக்கிறது, 2024 முதல் அது தேசிய ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) அருங்காட்சியகம். அதை அன்றே பார்க்காதீர்கள், இன்னொரு நாள் வையுங்கள்.

சில குழந்தைகளை முன்வாசல் வழியாகவே வெளியே கொண்டுபோனார்கள். கொட்டகை வாசலில் காவல் நின்றவர்களின் பார்வை நேராகக் காப்பகக் கதவில். சாலை நடுவில் டிராம் வரும்போது மட்டும் அந்தக் கதவு மறையும். அந்த நேரத்தில் வெளியே வந்து, டிராமோடு ஒட்டியே நடந்து, அடுத்த நிறுத்தத்தில் ஏறிவிட வேண்டும்.

கொட்டகைப் பக்கம் நின்று எதிர்ச் சாரியைப் பாருங்கள். டிராம் இன்றும் அங்கே ஓடுகிறது, நீங்கள் திரும்பிப் போக ஏறப்போகும் அதே 14ஆம் எண். அன்றைக்கு நாங்கள் நின்றபோது ஒன்று வந்தது. அம்மா முணுமுணுவென்று எண்ணினார். ஐந்து சொல்லி முடிப்பதற்குள் எதிர்ச் சாரி திரும்பத் தெரிந்துவிட்டது.